எண்பது கட்டம், இருபத்தைந்து வரி

சத்தார் பாய் செருப்போடு கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தபோதே ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று அம்சவேணிக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறைக்குள் முதலாளிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். சத்தார் பாய் ஃபேக்டரி மேனேஜர். ஒழுங்கு என்றால் உயிரை விடுகிறவர். அவர் வலது கையில் ஒரு தோல் துண்டு, இடது கையில் ஒரு தோல் துண்டு.

"இது இன்னா கலரும்மா?" என்று வலது கையை நீட்டினார்.

"பிரவுன் சார்."

"இது?"

"கறுப்பு."

"கறுப்புதான் வெட்டியிருக்கணும். முந்நூத்து இருபது ஜோடி பிரவுன்ல வெட்டிட்டாங்க. சீட்டு இங்கேருந்துதான் போயிருக்கு."

ஆம்பூரில் பெங்களூர் ரோட்டோரம் இருந்த அந்தக் கம்பெனி, ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு அட்டை வரும். லாட் நம்பர், மாடல், கலர், சைஸ், எத்தனை ஜோடி என்று அதில் கையால் எழுதியிருக்கும். அம்சவேணியும் வஹீதாவும் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். பிரிண்டர் ஒரு சீட்டைக் கொடுக்கும். அந்தச் சீட்டை வைத்துத்தான் கட்டிங் ஹாலில் முனியம்மாவின் ஆட்கள் தோலை வெட்டுவார்கள். கலருக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறி உண்டு. பி-3 என்றால் கறுப்பு. பி-8 என்றால் பிரவுன்.

அம்சவேணி அட்டையைத் தேடி எடுத்தாள். பி-3 என்று பளிச்சென்று எழுதியிருந்தது. சீட்டில் பி-8. அடித்தவர் என்ற இடத்தில் அவளுடைய இனிஷியல்.

அட்டையையும் சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு. ஆறு வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ஒரு கடிதம் திரும்பி வந்ததில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால், 1987 பிப்ரவரியில், இந்தக் கம்ப்யூட்டர் வந்தபோது ஃபேக்டரியே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. 'நீதான் உட்காரணும்' என்று சத்தார் பாய் சொன்னபோது வீடு இருக்கும் குடியாத்தம் வரைக்கும் ரயிலில் சிரித்துக்கொண்டே போனவள் அவள். ஆனால் ஒரு மாதத்திலேயே பதினொரு மணியானால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்தது. பச்சை எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வஹீதாவுக்கும் அப்படித்தான். அவள் தன் துப்பட்டாவை ஜன்னலில் கட்டி வெயிலை மறைத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் இருக்கும், நமக்குத்தான் பழகவில்லை என்று இருவரும் சமாதானம் செய்துகொண்டார்கள்.

"வர்ற வியாழக்கிழமை ஜெர்மன் ஆர்டர் வருது. ஆயிரத்து இருநூறு அட்டை," என்றார் சத்தார் பாய். "நாளைக்கு புரோகிராம் எழுதின தம்பிய மெட்ராஸ்லேருந்து வரச் சொல்லியிருக்கேன். சரியாச்சுன்னா சரி. இல்லேன்னா இந்தப் பேஜாரே வேணாம். பொட்டிய மூடிட்டு பழையபடி கையால எழுதிக்கலாம்."

மறுநாள் காலை ரயிலில் கோவிந்தராஜ் வந்து இறங்கினான். இருபத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை, பை நிறைய ஃபிளாப்பி. டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தான். பத்து நிமிஷம் தட்டினான், எழுந்தான்.

"புரோகிராம்ல தப்பு எதுவும் இல்ல சார். மேடம் எட்டு அடிச்சிருக்காங்க, அது எட்டுனு எடுத்துக்கிச்சு. ஆபரேட்டர் மிஸ்டேக்."

சத்தார் பாய் அம்சவேணியைப் பார்த்தார். அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? நீங்களே உக்காந்து இருபது அட்டை அடிங்க. அப்புறம் சொல்லுங்க, யார் மிஸ்டேக்னு."

கோவிந்தராஜ் சிரித்தான். "நான் எழுதின புரோகிராம் மேடம்."

"அதான் சொல்றேன். அடிங்க."

வஹீதா சட்டென்று இருபது அட்டைகளை எண்ணி அவன் முன்னால் வைத்தாள். அவன் விரலைச் சொடுக்கிவிட்டு ஆரம்பித்தான். முதல் ஐந்து அட்டை பறந்தது. எட்டாவது அட்டையில் நாற்காலியை நகர்த்தினான். பத்தாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பதினான்காவதில், "இந்த ஜன்னல் வெளிச்சம் இன்னாங்க இப்படி கண்ணுல அடிக்குது" என்று கையைக் குடைபோல வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். முடித்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. வஹீதா சீட்டுகளையும் அட்டைகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள்.

"நாலு தப்பு சார். ரெண்டு சைஸ் தப்பு, ஒரு ஜோடி கணக்கு தப்பு." அவள் நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னொண்ணு பி-3க்கு பி-8."

சத்தார் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். கோவிந்தராஜ் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு நாற்காலியைத் திருப்பி அம்சவேணியைப் பார்த்துக் கேட்டான்: "ஏன் மேடம் இப்படி ஆவுது?"

அவன் அப்படிக் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நான்கு மாதமாக மனசில் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"அட்டையில முதல்ல லாட், அப்புறம் மாடல், கலர், சைஸ், ஜோடி. உங்க ஸ்கிரீன்ல முதல்ல சைஸ் கேக்குது, அப்புறம் ஜோடி, அப்புறம் மேல போய் மாடல். ஒவ்வொரு அட்டைக்கும் கண்ணு அஞ்சு தடவ அலையுது. எல்லாம் பெரிய எழுத்துல அடைச்சுக்கிட்டு கிடக்கு, நடுவுல மூச்சு விட இடமில்ல. எந்தக் கட்டத்துல இருக்கேன்னு பார்க்கவே கண்ணைச் சுருக்கணும். மூணுக்கும் எட்டுக்கும் இந்தப் பச்சையில வித்தியாசமே தெரியல. பி-8னு அடிச்சா அது பிரவுனா கறுப்பானு மிஷின் சொல்லவும் இல்ல. அது பாட்டுக்கு வாங்கிக்குது."

"எனக்கு யாரும் இதெல்லாம் சொல்லலையே," என்றான் அவன். "நான் எங்க ஆபீஸ்ல உக்காந்து எழுதினேன். உங்க அட்டையையே இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"இதையெல்லாம் மாத்த முடியுமா?"

"ஏன் முடியாது? ஸ்கிரீன்னா குறுக்கே எண்பது கட்டம், கீழ இருபத்தஞ்சு வரி. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. எந்த எழுத்தை எந்தக் கட்டத்துல வேணும்னாலும் வைக்கலாம்."

"எங்க வேணும்னாலுமா?"

"எங்க வேணும்னாலும்."

அம்சவேணி திரையைப் புதிதாகப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள். அவள் அந்தத் திரையை, சுவரில் தொங்கும் காலண்டர் போல அச்சடித்து வந்த ஒன்று என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அது வெறும் கட்டங்கள்! கட்டங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்ன?

குடியாத்தத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் நான்கு பவர்லூம் ஓடியது. அவள் கணவன் அரங்கநாதன் லுங்கிக்குக் கட்டம் போடுவதில் கெட்டிக்காரன். கிராஃப் தாளில் வரைந்து பார்க்காமல் ஒரு பாவு நூலைக்கூடத் தறியில் ஏற்ற மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அலமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாளை அவள் எடுத்து வந்து கூடத்தில் பரப்பினாள்.

"புது டிசைனா?" என்று கேட்டான் அரங்கநாதன்.

"ஆமாங்க."

"எத்தனை இழை?"

"எண்பது. இருபத்தஞ்சு வரியில முடிஞ்சிடும்."

"கைக்குட்டைக்குக்கூடப் பத்தாதே!"

அவள் சிரித்தாள். தறிச்சத்தம் காதைப் பிளக்க, எண்பதுக்கு இருபத்தைந்து கட்டத்தைப் பென்சிலால் அடைத்துக்கொண்டு, உள்ளே எழுத ஆரம்பித்தாள். அட்டையில் இருந்த அதே வரிசை. லாட், மாடல், கலர், சைஸ், ஜோடி. சுற்றிலும் ஒரு பார்டர். நான்கு மூலைக்கும் நட்சத்திரம். மேலே கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில். அடிக்கிற கட்டத்துக்குப் பக்கத்தில் மின்னி மின்னி அணையும் ஒரு புள்ளி. அது மின்னும் என்று கோவிந்தராஜ் சொல்லியிருந்தான். அடுப்பில் குழைந்துபோன சோற்றை அரங்கநாதன்தான் வந்து இறக்கினான்.

திங்கட்கிழமை காலை முதலில் அறையைச் சரிசெய்தார்கள். மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பினார்கள். வெயில் திரையிலும் விழவில்லை, கண்ணிலும் அடிக்கவில்லை. கம்ப்யூட்டர்ப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த திரையைக் கீழே இறக்கி மேசைமேல் வைத்ததும் கழுத்தை அண்ணாந்து பார்க்கிற வேலை போய்விட்டது. ஸ்டிச்சிங் ஹாலிலிருந்து உயரத்தை ஏற்றி இறக்கும் இரண்டு ஸ்டூல் வந்தது. மேசைமேல் படுத்துக் கிடந்த அட்டைகளைத் திரைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்க, தச்சர் ஒரு சாய்வுப் பலகை அடித்துக் கொடுத்தார். இதற்குள் கோவிந்தராஜ் அம்சவேணியின் கிராஃப் தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக எண்ணி எண்ணிப் புரோகிராமில் ஏற்றினான்.

"இவ்ளோ நாள் இப்படி ஒருத்தரும் எனக்கு எழுதித் தந்ததில்ல மேடம். வரி நம்பர், கட்டம் நம்பர் எல்லாம் தயாரா இருக்கு. அப்படியே அடிக்கறேன்."

மத்தியானம் புதுத் திரை வந்தது. பார்டர், நட்சத்திரம், மினுக்கும் புள்ளி. அம்சவேணிக்குப் பெருமை தாங்கவில்லை. "வஹீதா, உக்காரு. இருபது அட்டை."

பழைய திரையில் வஹீதா இருபது அட்டையை இருபத்திரண்டு நிமிஷத்தில் அடிப்பாள். இன்றைக்கு இருபத்தாறு நிமிஷம் ஆனது. முடித்ததும் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னாடி?"

"அக்கா, கோச்சிக்காதீங்க. அந்த பார்டர் லுங்கிக்கு ரொம்ப நல்லா இருக்கும். என் கண்ணுக்கு வேணாம். அந்தப் புள்ளி மினுக்கறது மண்டைக்குள்ள மினுக்குது."

அம்சவேணிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரைந்தது. வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் உறைத்தது. கோவிந்தராஜ் மெட்ராஸில் உட்கார்ந்து அவளைக் கேட்காமல் வரைந்தான். அவள் குடியாத்தத்தில் உட்கார்ந்து வஹீதாவைக் கேட்காமல் வரைந்தாள்.

திரும்பி வந்து, "இன்னொரு இருபது அடி," என்றாள். இந்தத் தடவை திரையை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வஹீதாவின் கண்ணையே பார்த்தாள். கண் அட்டைக்குப் போனது, திரைக்கு வந்தது, மினுக்கலுக்கு ஓடியது, நட்சத்திரத்தில் முட்டியது, திரும்பவும் அட்டைக்குப் போய் வரியைத் தொலைத்துவிட்டுத் தேடியது. எங்கெங்கே தடுக்குகிறது என்று கை வைத்துச் சொல்லிவிடலாம் போலிருந்தது! அம்சவேணி கிராஃப் தாளை எடுத்து ரப்பரால் அழிக்க ஆரம்பித்தாள். நட்சத்திரம் போயிற்று. பார்டர் போயிற்று. கம்பெனிப் பெயரும் போயிற்று.

மிஞ்சியது ஐந்தே வரி. ஒன்றன்கீழ் ஒன்றாக, இடது பக்கம், நடுவில் ஒரு வெற்று வரி விட்டு. அடிக்கிற வரி மட்டும் பிரகாசமாக, மற்றதெல்லாம் மங்கலாக. கலர் குறியை அடித்ததும் பக்கத்திலேயே அந்தக் கலரின் முழுப் பெயர் எழுத்தில் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே 'சரிதானா?' என்று ஒரு கேள்வி.

கோவிந்தராஜ் தலையைச் சொறிந்தான். "முக்கால்வாசி ஸ்கிரீன் காலியா இருக்கே மேடம். பாக்கறவங்க நான் வேலையே செய்யலைனு நினைப்பாங்க."

"பாக்கறவங்க யார் சார்? நானும் வஹீதாவும்தானே!"

செவ்வாய்க்கிழமை வஹீதா மறுபடி உட்கார்ந்தாள். கோவிந்தராஜ் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அறையில் கீபோர்டுச் சத்தம் தவிர வேறில்லை. அட்டை, திரை, அட்டை, திரை. கண் நேராகப் போய் நேராக வந்தது. "ஆச்சு!" என்று வஹீதா கத்தியபோது பதிமூன்று நிமிஷம். ஒத்துப் பார்த்தார்கள். ஒரு தப்பு இல்லை. கோவிந்தராஜ் நம்பாமல் தானே ஒருமுறை ஒத்துப் பார்த்தான். பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பியூன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஜெர்மன் ஆர்டர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. புதன்கிழமை காலை, தகரப்பெட்டி நிறைய அட்டைகள். மெட்ராஸில் இருந்த ஆர்டர் ஆபீஸிலிருந்து லாரியில் வந்து இறங்கின. சத்தார் பாய்க்கு அவசரம். சீட்டு வரும்வரை காத்திருக்காமல், அட்டையின் நகலைக் கட்டிங் ஹாலுக்கு நேராகவே அனுப்பிவிட்டார். "நீங்க அடிச்சுக்கிட்டே இருங்க, அவங்க வெட்டிக்கிட்டே இருக்கட்டும்."

அம்சவேணியும் வஹீதாவும் மாற்றி மாற்றி அடித்தார்கள். மூன்றாவது கட்டு நடந்துகொண்டிருந்தபோது வஹீதாவின் கை நின்றது.

"அக்கா, நானூத்துப் பதினேழாம் மாடல் இதுவரைக்கும் பூரா கறுப்புத்தானே வந்துச்சு?"

"ஆமா."

"இங்க பிரவுன்னு காட்டுது."

அம்சவேணி குனிந்து பார்த்தாள். பி-8. அதன் பக்கத்தில் பச்சையில் கண்ணை உறுத்தாமல், ஆனால் தெளிவாக, பிரவுன். அட்டையைப் பார்த்தாள். அதிலும் பி-8தான். வஹீதா சரியாகத்தான் அடித்திருக்கிறாள். ஃபைலைப் புரட்டி ஜெர்மன்காரர் அனுப்பிய ஆர்டர் டெலக்ஸைத் தேடினாள். நானூற்றுப் பதினேழு கறுப்பில் மட்டும்தான். அட்டையை எழுதியவரே மூன்றை எட்டாக்கியிருக்கிறார்.

"எத்தனை ஜோடி?"

"அறுநூறு."

"நகல் கட்டிங் ஹாலுக்குப் போயிருக்குமே!"

அம்சவேணி ஓடினாள். செருப்பு வாசலில் கிடந்தது, அதைப் போட நேரமில்லை. வெந்து கிடந்த சிமெண்ட் முற்றத்தைத் தாண்டி, தோல் ஏற்றிய தள்ளுவண்டியைச் சுற்றி, டெலக்ஸ் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் வஹீதா, அவளுக்குப் பின்னால் கோவிந்தராஜ். கட்டிங் ஹாலில் பிரஸ் மிஷின்கள் தடார் தடார் என்று இறங்கிக்கொண்டிருந்தன. முதல் மிஷினுக்குப் பக்கத்தில் பிரவுன் தோல் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தது.

"நிறுத்துங்க! முனியம்மாக்கா, நிறுத்துங்க!"

முனியம்மா கையைத் தூக்கினாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. "இன்னா கம்ப்யூட்டரம்மா, வெறுங்கால்ல ஓடியாற? ஆர்னா அடிபட்டாங்களா?"

"நானூத்துப் பதினேழு கறுப்புக்கா! பிரவுன் இல்ல! எத்தனை வெட்டியாச்சு?"

முனியம்மா குனிந்து எண்ணினாள். "ஒம்போது ஜோடி."

அம்சவேணி தோல் அடுக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. அறுநூறில் ஒன்பது!

சத்தார் பாய் வந்தார். டெலக்ஸை இரண்டு தடவை படித்தார். அவர்களோடு கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். இன்னும் அப்படியே நின்றிருந்த திரையைப் பார்த்து, பள்ளிக்கூடப் பையன் போல விரல் வைத்துப் படித்தார். "பி-8... பிரவுன். அட, பேரையே சொல்லிடுதே! இது மொதல்லயே இல்லாம போச்சே!"

அம்சவேணி அவர் பக்கம் திரும்பினாள். "சார், இன்னிக்குத் தப்பு அட்டையிலேயே இருந்துச்சு. போன வாரம் நடந்தது அப்படி இல்ல. அன்னிக்கு அட்டை சரியாத்தான் இருந்துச்சு. தப்பா அடிச்சது நான்தான்."

"தெரியும்மா. சீட்டுல உன் பேர்தானே இருந்துச்சு." அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அதன் உயரத்தை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். "அன்னிக்கு பொட்டிய மூடிடலாம்னு நான் சொன்னதுதான் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு. இந்த அறைய இனிமே நீதான் பாத்துக்கணும். மிஷின எங்க வைக்கணும், எப்படி வைக்கணும், எல்லாம் நீ சொல்றதுதான்."

ஆயிரத்து இருநூறு அட்டையும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்தது. கண் எரியவில்லை என்பதை வஹீதாதான் முதலில் கவனித்துச் சொன்னாள். கோவிந்தராஜ் கிளம்பும்போது கிராஃப் தாளைக் கேட்டான். அம்சவேணி அதைக் கொடுக்கவில்லை. வெற்றுத் தாளாக ஒரு கட்டு கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து டிரங்க் கால் வந்தது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஃபேக்டரிக்கு அவர்கள் கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள். ஸ்டோர் கிளார்க் சத்தியநாதன் என்பவர், ஐம்பத்து மூன்று வயது, மிஷின் பக்கமே போகமாட்டேன் என்கிறாராம். "மேடம், நீங்க ஒரு நாள் வர முடியுமா? உங்க மேனேஜர்கிட்ட எங்க பாஸ் பேசிட்டாரு."

அம்சவேணி போனாள். சத்தியநாதன் மரியாதையான மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா, மூக்கில் இரட்டை லென்ஸ் கண்ணாடி. "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. எழுத்தெல்லாம் கலங்கலா இருக்கு. வயசாயிடுச்சு, விட்டுடுங்க," என்றார்.

"பரவால்ல சார். சும்மா ஒரு தடவ பாருங்க."

அவர் திரையைப் பார்த்தார். முகவாயை மேலே தூக்கி, கண்ணாடியின் அடிப்பாகத்து லென்ஸ் வழியாக, வானத்தில் பறவை பார்ப்பதுபோலப் பார்த்தார். படிக்கிற லென்ஸ் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது; திரையோ அவர் நெற்றிக்கு நேராக இருக்கிறது. அம்சவேணி சட்டென்று திரும்பினாள்.

"கோவிந்தராஜ் சார், இந்த மேசை டிராயரைக் கழட்டுங்க. மேல் பலகையையும் எடுத்துடலாம். ஸ்கிரீனை உள்ள இறக்கணும்."

"மேசைக்குள்ளயா?"

"மேசைக்குள்ளதான். அவர் பேரேடு படிக்கிற மாதிரி குனிஞ்சு பார்க்கணும்."

அரைமணி நேரத்தில் திரை மேசைக்குள் சாய்ந்து படுத்திருந்தது. சத்தியநாதன் உட்கார்ந்தார். முகவாய் தூக்காமல் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அடித்தார். அது பச்சையாக எழுந்து நின்றதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"தெரியுதும்மா! நல்லாவே தெரியுது! இன்னொண்ணு அடிக்கட்டுமா?"

"அடிங்க சார்," என்றாள் அம்சவேணி. பையிலிருந்து புதுக் கிராஃப் தாளை எடுத்து, அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.